அக்காவின் இங்கிலீஷும் என் தொண்டையும்

சத்தம் போட்டுப் படித்த தலைமுறை நாம். வாயை மூடிக்கொண்டு கண்ணால் படிப்பது படிப்பில் சேராது என்று நம்பியவர்களுக்குப் பிள்ளைகளாகப் பிறந்தவர்கள். தெருவில் போகிறவர்களுக்குக்கூட எந்த வீட்டில் சரித்திரம் ஓடுகிறது, எந்த வீட்டில் செய்யுள் ஓடுகிறது என்று தெரியும். என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்நேரம் உங்களுக்கும் யாருடைய குரலாவது ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

நான் அப்படிச் சத்தம் போட்டுப் படித்த ஒரு பருவத்தைப் பற்றித்தான் எழுதப் பார்க்கிறேன். எழுதலாமா கூடாதா என்று ரொம்ப நாள் குழம்பினேன். அக்கா இருக்கிறாள், படித்தால் அவள் மனசு கஷ்டப்படுமோ. நைனா இல்லை, இல்லாதவரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ. ஒன்பதாவது வகுப்பை எட்டிப் பார்க்காதவனெல்லாம் எழுத வந்துவிட்டான் என்று யாராவது சிரிப்பார்களோ. அடுப்பில் பால் வைத்தால் அது பொங்குவதற்கு முன்பே பொங்கிவிட்டதாகப் பதறி ஓடுகிறவன் நான். அம்மா என்னை வயிற்றில் சுமந்தபோது எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அம்மாவைக் கேட்டால், அதெல்லாம் ஒன்றுமில்லை, நீயே அப்படித்தான் என்பாள்.

அந்த வருஷம் நான் எட்டாவது. அக்கா ப்ளஸ் டூ எழுதி, மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸாகி, இங்கிலீஷில் மட்டும் போய்விட்டாள். செஞ்சியில் எங்கள் தெருவிலிருந்து ப்ளஸ் டூ வரைக்கும் போன முதல் பெண் அவள். அதனால் பெயிலான செய்தியும் தெரு முழுக்கப் போயிற்று. மறுபடி எழுத அக்டோபரில் ஒரு வாய்ப்பு உண்டு. அதற்கு விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நைனா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"அக்டோபர்ல பாஸாயிட்டா காலேஜ். இல்லன்னா தை மாசம் அவலூர்பேட்டை."

அவலூர்பேட்டை என்றால் அத்தை வீடு. அத்தை நைனாவின் தங்கை. அவள் மகனுக்கு அங்கே கடைத்தெருவில் மளிகைக் கடை. அக்காவை அவருக்குத்தான் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. நான் அவரை மாமா என்பேன், நல்ல மனுஷன்தான். எப்போது போனாலும் எனக்குக் கை நிறையப் பொட்டுக்கடலை கொடுப்பார். அக்காவுக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. அவளுக்குக் காலேஜுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். காலேஜ் திண்டிவனத்தில். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஒரே பஸ்.

இங்கிலீஷில் அவளை இழுத்துவிட்டது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தாளில் ஒரு பத்தி கொடுப்பார்கள். முன்பின் பார்த்திராத பத்தி. அதைப் படித்துப் புரிந்துகொண்டு கீழே இருக்கிற கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பிள்ளைகள் அதை பாசேஜ் என்பார்கள். கட்டுரையை மனப்பாடம் பண்ணலாம், கடிதத்தை மனப்பாடம் பண்ணலாம், பாசேஜை மட்டும் மனப்பாடம் பண்ண முடியாது. அந்த மார்ச் வரைக்கும் அக்கா நைனா சொன்னபடி எல்லாவற்றையும் உரக்கத்தான் படித்தாள். பரீட்சை ஹாலில் உரக்கப் படிக்க முடியாதே. பாசேஜைக் கையில் வாங்கியதும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்ததாம்.

நைனா ஏன் உரக்கப் படிக்கச் சொன்னார் என்பதற்கு அவர் வேலைதான் காரணம். நெல் மார்க்கெட்டில் எடை போடுகிறவர் அவர். தராசில் மூட்டை ஏறியதும் எண்ணிக்கையையும் எடையையும் ராகம் போட்டுக் கூவிச் சொல்வார். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார். நெல்லை விற்கிற குடியானவர் ஒரு பக்கம், வாங்குகிற வியாபாரியின் ஆள் ஒரு பக்கம், இரண்டு பேர் காதிலும் அந்தக் குரல் விடாமல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் எச்சில் விழுங்கக்கூட நிற்கக் கூடாது. நின்றால் குடியானவர் கழுத்தை நீட்டிப் பார்ப்பார், ஏதோ நடக்கிறது என்று. குரல் ஓடினால்தான் வேலை நேர்மையாக நடக்கிறது என்று அர்த்தம். காலம் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்ற மனுஷன், வீட்டில் பிள்ளைகள் படிப்பதையும் அதே காதால்தான் கேட்டார்.

எங்கள் வீடு இரண்டு அறை. நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் எட்டாது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உயரம் இடைவெளி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். பொழுது சாய்கிற நேரத்தில் நைனா உடம்பெல்லாம் நெல் சுணையோடு வருவார். தோட்டத்தில் சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுணை போகத் தேய்த்துத் தேய்த்து ரொம்ப நேரம் குளிப்பார். குளிக்கிற நேரம் முழுக்கக் காது உள்ளே இருக்கும். சத்தம் நின்றால் போதும், தோட்டத்திலிருந்து குரல் வரும்.

"இன்னா, சத்தத்தையே காணோம்?"

அக்கா ஒருநாள் அப்படி மூச்சு வாங்கப் படித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டி, படி என்று கண்ணாலேயே சொன்னாள். நான் அவள் விட்ட இடத்திலிருந்து படித்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல். தெருமுனைக் கடைக்காரர்கூட வாசலுக்கு வெளியே இருந்து கேட்டால் எது அக்கா எது தம்பி என்று கண்டுபிடிக்க மாட்டார். தோட்டத்தில் நைனா தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே, "ம், அப்பிடித்தான்" என்றார்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான்.

அந்தப் புத்தகத்தை இன்றைக்கும் என்னால் முகர முடியும். பழைய பேப்பர் கடையில் அக்கா தேடி எடுத்தது. எந்த வருஷத்து கைடோ தெரியாது, அட்டை கிடையாது. போண்டா மடிப்பதற்காக யாரோ பாதி கிழித்துவிட்டிருந்தார்கள். மிச்சப் பக்கமெல்லாம் கடலை எண்ணெய் வாடை. சில பாசேஜுக்குக் கேள்விகள் இருக்காது. சில கேள்விகளுக்கு பாசேஜ் இருக்காது. கேள்வி இல்லாத பாசேஜுக்கு அக்காவே கேள்வி போட்டுக்கொள்வாள். பாசேஜ் இல்லாத வெறும் கேள்விகளைப் பார்த்து, அந்தப் பத்தியில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே அரிசியில் கல் பொறுக்குவாள்.

முறை இப்படித்தான். புத்தகம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். நான் ஒரு பாசேஜை மேலிருந்து கீழே சத்தமாகப் படிப்பேன். முடிந்ததும் நிறுத்தாமல் மறுபடி முதலிலிருந்து. அக்கா வாயைத் திறக்க மாட்டாள். அவள் கண் என் குரலுக்கு முன்னாலும் பின்னாலும் போய் வந்துகொண்டிருக்கும். பென்சிலால் ஒரு சொல்லுக்கு அடியில் கோடு போடுவாள், யோசிப்பாள், கால் கட்டை விரல் மட்டும் மெதுவாக ஆடும். திடீரென்று சிரிப்பாள். நான் கத்திக்கொண்டிருக்கிற வரியில் ஏதோ வேடிக்கை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்ன என்று கேட்க வேண்டும் போல இருக்கும். நிறுத்தினால்தானே கேட்க முடியும். ஒருநாள் படிக்கும்போது அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். அப்போதும் நான் படித்துக்கொண்டேதான் இருந்தேன்.

எனக்கு இருந்த பயங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். இருமல் வந்துவிடுமோ என்று பயம். இதற்கென்றே ஐஸ் தண்ணீர், புளியங்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கரண்ட் போனால் நைனா எட்டிப் பார்ப்பாரோ என்று பயம். அதனால் சிம்னி விளக்கைத் திரி கத்தரித்துத் தயாராக வைத்திருப்பேன். நான் அர்த்தம் தெரியாமல் படிக்கிற இங்கிலீஷில் ஏதாவது கெட்ட வார்த்தை இருந்து, அது தெருவில் போகிற வாத்தியார் காதில் விழுந்துவிடுமோ என்றுகூடப் பயம்.

நைனாவுக்கோ பெருமை தாங்கவில்லை. எம்பொண்ணு மூச்சு விடாம இங்கிலீஷ் படிக்குது என்று மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அவர்களும் விடுவார்களா, இனிமே நீ எடையை இங்கிலீஷ்லயே கூவு என்று கேலி செய்திருக்கிறார்கள். அதையும் சிரித்துக்கொண்டே வீட்டில் வந்து சொல்வார். பெண்ணுக்குத் தொண்டை புண்ணாகிவிடப் போகிறதே என்று ஒருநாள் பனங்கற்கண்டு வாங்கி வந்தார். அக்கா அதை அவர் எதிரில் வாங்கிக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் என் வாயில் போட்டாள். அதற்குப் பிறகு பொட்டலம் பொட்டலமாக வந்தது. அவ்வளவும் நான் தின்றதுதான்.

அம்மாவுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ரொம்ப வருஷம் கழித்துத்தான் சொன்னாள், முதல் நாளே தெரியும் என்று. நான் பெத்ததுங்க கொரலு எது எதுன்னு எனக்குத் தெரியாதா என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எதுக்குச் சொல்லணும், அவளுக்குப் படிப்பு ஏறுதுன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுதே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போவாள். ராஜகிரி மலை அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. வெளியே பாறை கொதித்தாலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், வௌவால் வாடை அடிக்கும். வாசல் பக்கம் வெளிச்சத்தில் அக்கா உட்கார்ந்துகொண்டு புத்தகத்தைப் பிரிப்பாள். முதல் தடவை போனபோது நான் பழக்கதோஷத்தில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். வளைந்த கூரையில் பட்டு என் இங்கிலீஷ் இரண்டு மடங்காக என் மேலேயே வந்து விழுந்தது.

"டேய், இங்க நைனா இல்லடா. சும்மா இரு" என்றாள் அக்கா.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. குரங்கு வருகிறதா என்று பார்த்தேன், மழை வருகிறதா என்று பார்த்தேன், காவல்காரர் வந்து விரட்டுவாரோ என்று பார்த்தேன். அக்கா பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கும்போது அவள் முகத்தில் எப்போதும் ஒரு இறுக்கம் இருக்கும். அந்தக் களஞ்சியத்தில் அது இல்லை. என் குரல் அவளுக்கு உதவி என்று நினைத்திருந்தேன். அது நைனாவுக்கு மட்டும்தான் வேண்டியிருந்தது, அவள் அதையும் தாண்டித்தான் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று அங்கேதான் எனக்குப் பட்டது.

புரட்டாசியில் என் தொண்டை உடைய ஆரம்பித்தது.

வரியின் நடுவில் ஒரு சொல் மட்டும் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி வெளியே வந்தது. தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. "இன்னா பாப்பா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று நைனா கேட்டார். ஆமாம் நைனா, சளி என்று அக்கா சொன்னாள். மறுநாள் பனங்கற்கண்டோடு மிளகும் வந்தது. அம்மா ஒன்றும் தெரியாத மாதிரி மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். நான் குரலை மேலே தூக்கிப் பிடித்துப் பெண் குரலில் படிக்கப் பார்த்தேன். நாளுக்கு நாள் அது கீழே விழுந்துகொண்டே இருந்தது. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரைக்கும் தாங்கினால் போதும் என்று அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் அத்தை அவலூர்பேட்டையிலிருந்து வந்தாள். மல்லாட்டை ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தாள். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அதை உள்ளே கொண்டுபோய் வைக்க வந்தவள், நாங்கள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள். நான் கத்துகிறேன், அக்கா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ண்ணா, இங்க வந்து பாரு. பையன் படிக்குது, பொண்ணு வேடிக்க பாத்துக்கினு ஒக்காந்துக்குது. இன்னா ஊடு இது?"

நைனா ஈரத் துண்டோடு உள்ளே வந்தார். காது மடலில் சோப்பு நுரை இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் வாயை மூடியிருந்தேன், ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தினி நாளா?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஆடியிலேருந்து."

"அப்ப இத்தினி நாளா நீ படிக்கவே இல்ல."

"படிச்சேன் நைனா. வாயத் தொறந்தா எனக்குப் புரிய மாட்டேங்குது. அவனக் கூவச் சொல்லிட்டு நான் மனசுக்குள்ள படிச்சேன்."

மனசுக்குள்ள படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா, தை மாசம் வரைக்கும் எதுக்கு இழுக்கணும் என்று அத்தை ஆரம்பித்தாள். எடையில் சந்தேகம் வந்தால் தராசை நிறுத்திவிட்டு அப்படியே நிற்பாரே, அந்த மாதிரி நைனா நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்தார். முதலில் என்னைத்தான் கேட்டார்.

"இன்னாடா கூவிக்கினு இருந்த? இன்னா போட்டிருக்குது அதுல?"

அன்றைக்கு நான் திரும்பத் திரும்பப் படித்த பாசேஜில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் ஐஸ். அது வரிக்கு வரி வந்தது. தெரியாது என்று சொன்னால் அக்காவைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

"ஐஸ் நைனா. ஐஸ் விக்கிறாங்க. பொட்டியில வெச்சி, சைக்கிள்ல. பள்ளிக்கூடத்தாண்ட. சேமியா ஐஸு, பால் ஐஸு எல்லாம் இருக்குது."

நைனா தலையை அக்கா பக்கம் திருப்பினார். "நீ சொல்லு."

அக்கா சொன்னாள். வடக்கே ரொம்பக் குளிரான தேசத்தில் பனிக்காலத்தில் ஏரித் தண்ணீர் கல்லு மாதிரி உறைந்துவிடும். அதை ரம்பத்தால் பாளம் பாளமாக அறுப்பார்கள். மரத்தூளுக்கு நடுவில் அடுக்கிக் கப்பலில் ஏற்றி, வெயில் அடிக்கிற தேசங்களுக்கு அனுப்புவார்கள். ஐஸ் மிஷின் வராத காலத்தில் நம் பக்கத்துக்கும் அப்படி வந்திருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல அத்தைகூட வாயை மூடிக்கொண்டு கேட்டாள். அதையெல்லாமா நான் இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நம்ப முடியவில்லை.

நைனா குறுக்கே ஒரு கேள்வி போட்டார். "வெயில்ல கரையுமே. ஏத்தும்போது ஒரு எடை, எறக்கும்போது ஒரு எடை வருமே."

"பாதிக்கு மேல கரைஞ்சிடுமாம் நைனா. அப்பவும் லாபந்தானாம்."

"அந்தக் கொறச்சல் யார் தலையில? அனுப்புறவனா, வாங்குறவனா?"

அக்கா குனிந்து பாசேஜை முதலிலிருந்து பார்த்தாள். வாய் திறக்கவில்லை. நைனாவின் துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை ஏதோ சொல்ல வந்தபோது நைனா கையைத் தூக்கி நிறுத்தினார். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் அப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை. அவள் கீழ்வரை போய், மறுபடி மேலே வந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அது இதுல போடல நைனா."

"போடலையா, உனுக்குத் தெரியலையா?"

"போடல. ரெண்டு தரம் பாத்துட்டேன்."

நைனா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு."

"வாங்குறவன் தலையில நைனா" என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. மார்க்கெட்டில் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் கையில் பதில் வைத்திருக்கிற ஆளை நைனா நம்ப மாட்டார் என்பது எனக்குப் பிறகு, அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. எழுந்து துண்டைப் பிழிந்துகொண்டே அத்தையிடம் சொன்னார்.

"அவ எழுதட்டும். வாயத் தொறக்காமயே எழுதட்டும்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாயந்திரங்கள் மாறிவிட்டன. அக்கா தனியாக உட்கார்ந்து படித்தாள். நைனாவுக்கு அந்த அமைதி பழகவில்லை. குளித்துவிட்டு வந்து அந்தப் பக்கம் செருமுவார், சுவருக்கு மேலே எம்பிப் பார்ப்பார், போய்விடுவார். சாப்பாட்டு நேரத்தில், இன்னிக்கு இன்னா வந்துச்சு அதுல என்று கேட்பார். அக்கா சொல்வாள். அம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பாள். கலங்கரை விளக்கம், தேனீ, பாலைவனத்தில் கிணறு தோண்டினவர்கள் என்று தினம் ஒரு தேசம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவேன். எல்லாம் நான் கத்தின பாசேஜ்கள்தான். என்னை ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயம்.

என்னைப் பற்றியும் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இத்தினி மாசம் இதைக் கையில் வைத்திருந்தவனுக்கு ஒரு வரி ஏறவில்லை, இவனுக்குப் படிப்பு வராது, தொண்டை மட்டும் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. அம்மா, சின்னப் பையன்தானே என்றாள். அந்த வயசில் நான் மூட்டை தூக்கினேன் என்றார் நைனா. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு எடையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். முதலில் சனிக்கிழமைகளில் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனார். அரையாண்டு லீவு முழுக்கப் போனேன். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது, நான் போகவில்லை. யாரும் போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்கிற வாத்தியார் இல்லை. கரும்பலகை இல்லை. உடைந்த தொண்டை நன்றாகக் கனத்து, தராசுக்குப் பக்கத்தில் நின்று கூவினால் மார்க்கெட் கேட் வரைக்கும் கேட்டது. நைனா தலையை ஆட்டுவார்.

அக்கா அக்டோபரில் எழுதினாள். மார்க் வந்தபோது பள்ளிக்கூடத்துக்கு நைனாவே கூடப் போனார். பாஸ். அதைச் சொல்ல அவர் அவலூர்பேட்டைக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. அத்தை ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மாமா மட்டும் ஒருமுறை செஞ்சிக்கு வந்தவர் எட்டிப் பார்த்து, அக்காவிடம் நல்லா படி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஜூனில் அக்காவுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது, ஹாஸ்டலோடு. தகரப் பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். நைனா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். திண்டிவனம் பஸ் நின்றுகொண்டிருந்தது. பெட்டியை மேலே ஏற்றியாயிற்று. ஏறு ஏறு என்று நைனா சொன்னபோதும் அக்கா ஏறவில்லை.

"நைனா, ஒண்ணு கேக்கணும். இவன மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு."

"இப்ப இன்னாத்துக்கு அது?"

"அன்னிக்கு நீ இவனக் கேட்ட கேள்வி ப்ளஸ் டூ பாசேஜ்ல. இவன் எட்டாவது. இன்னும் நாலு வருசம் படிச்சாதான் இவனுக்கு அது புரியும். அதுவரிக்கும் யாருக்கும் புரியாது. எட்டாவதுல எனக்கும் புரியல."

நைனாவுக்கு இங்கிலீஷ் என்றால் இங்கிலீஷ்தான். அதில் எட்டாவதுக்கு ஒரு அளவு, ப்ளஸ் டூவுக்கு ஒரு அளவு என்று இருப்பதை அவர் யோசித்ததே இல்லை. தப்பான கல்லைத் தட்டில் வைத்து எடை போட்டுவிட்டோம் என்று தெரிந்தால் ஒரு மனுஷன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். என் பக்கம் திரும்பினார். அவ்வளவு மெதுவாக அவர் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை.

"போறியாடா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற கண்டக்டரும் பார்த்தார். போகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு என்னவெல்லாமோ கண்ணில் வந்தது. எட்டாவதை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். என்னைவிடச் சின்னப் பையன்கள் பக்கத்தில், மீசை அரும்பின முகத்தோடு உட்கார வேண்டும். எங்கேடா போயிருந்தே என்று வாத்தியார் எழுப்பிக் கேட்பார். என்றைக்காவது ஒருநாள் பரீட்சை ஹாலில் ஒரு பாசேஜை என் கையில் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது சொல் என்பார்கள்.

"வேணாம் நைனா" என்றேன்.

"பயப்படாம சொல்லுடா" என்றாள் அக்கா.

"இல்லக்கா. வேணாம். எனக்கு இதுவே நல்லாருக்குது."

நைனா பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. "அவனே வேணாங்கிறான் பாரு. நாம இன்னா பண்றது" என்று அக்காவிடம் சொன்னார். பிறகு அதைச் சாகிற வரைக்கும் எல்லோரிடமும் சொன்னார். நான் எவ்வளவோ கேட்டேன், பையனே வேணாம்னுட்டான் என்று. அவர் பொய் சொல்லவில்லை. கேட்டது உண்மை, நான் வேண்டாம் என்றதும் உண்மை. ஐஸ் விஷயத்தில் நான் பயந்து உளறியதை ஒரே பார்வையில் கண்டுகொண்ட மனுஷன், இதை மட்டும் என் விருப்பம் என்று எடுத்துக்கொண்டார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். அக்கா ஏறினாள். அவளுக்கு அந்தப் பக்கத்து ஜன்னல்தான் கிடைத்தது போலிருக்கிறது, முகம் தெரியவில்லை. பஸ் திரும்பிப் போகும்வரைக்கும் நைனா நின்று பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, வா, லோடு வந்து நின்னுக்கினு இருக்கும் என்றார். எனக்கு அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவருக்கு ஒரு அடி முன்னாலேயே நடந்தேன்.